பக்கம் 402

புந்தா அரேனாஸில் காற்று
கதவைத் தட்டுவதில்லை, கழற்றிக்கொண்டு போகும்.
தெருமுனைகளில் கயிறு கட்டியிருப்பார்கள்,
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்க.
அதனால்தான் தச்சுப் பட்டறைக் கதவுக்கு
அந்தப் புத்தகங்களை முட்டுக் கொடுத்தோம்.
தலைக்கு எண்ணூறு பக்கம், கெட்டி அட்டை, நாற்பது பிரதி.
பள்ளி நூலகத்தில் அவற்றைவிடக் கனமாக
அலமாரிதான் இருந்தது.

பெரும் படைப்பாம். நாட்டின் பெருமையாம்.
முதல் அத்தியாயத்தில் ஒரு வண்டி மலை ஏறுகிறது.
இரண்டாம் அத்தியாயத்திலும் ஏறுகிறது.
மூன்றாவதில் குதிரைக்கு லாடம் கழன்றதும்
நான் இறங்கிக்கொண்டேன்.

பிடிபட்டது நானும் யாஸ்னா வுகாசோவிச்சும்.
தண்டனை: ஐந்து சனிக்கிழமை, ஆளுக்கு இரண்டு ரப்பர்.
ஓரங்களில் பென்சிலால் கிறுக்கியதையெல்லாம்
அழித்துத் தர வேண்டும்.
படிக்கச் சொல்லவில்லை,
அது ஒன்றுதான் நிம்மதி.

முதல் சனி மீசைகளை அழித்தோம்.
எழுதியவர் படத்தில் மட்டும் முப்பத்தொரு மீசை,
கொம்பு ஏழு.
அப்புறம் இதயங்கள், தொலைபேசி எண்கள்,
என் மாமாவின் பெயரோடு ஒரு கெட்ட வார்த்தை.
அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

இரண்டாம் சனி, பதினேழாம் பிரதி.
96-இன் ஓரத்தில் சாய்ந்த கையெழுத்து:
"இவன் திரும்பி வரப் போவதில்லை. ஏப்ரல் 2."
கீழே உருண்டையாக வேறொன்று:
"வருவான். 311 பார்."
காலைப் பிரிவும் மாலைப் பிரிவும்
ஒரே பிரதியைப் பங்கு போட்ட காலம் போல.

ரப்பரைக் கீழே வைக்காமலே யாஸ்னா
311-க்குப் புரட்டினாள்.
வந்திருந்தான்.
மழையில், வேறொருத்தியின் கம்பளிச் சால்வையோடு.
"சொன்னேனே" என்றது உருண்டை.
"இதற்குப் பெயர் வருவதா?" என்றது சாய்வு.

யார் அந்த வேறொருத்தி என்றேன்.
எனக்கென்ன தெரியும் என்றாள்.
பின்னோக்கிப் போனோம்.
சால்வை 240-இல் அடகுக் கடையில் இருந்தது,
187-இல் தறியில்,
அதற்கும் முன்னால் ஓர் ஆட்டின் முதுகில்.
அந்த ஆடு யாருடையது என்று பார்க்கப்
பாழாய்ப்போன வண்டியில்
மறுபடி ஏற வேண்டியிருந்தது.

மூன்றாம் சனி எதையும் அழிக்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே பையன்கள் பந்தோடு விசிலடித்தார்கள்.
படிக்கிறோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே,
வெறும் மேசையில் ரப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

சாய்வுக்குத் தேதி போடும் பழக்கம்.
ஜூன். ஜூலை: "விரல் விறைக்கிறது.
இந்த முட்டாள் கடிதத்தைப் பிரிப்பாளா மாட்டாளா?"
ஆகஸ்ட் முழுக்கச் சண்டை.
394-இல் செப்டம்பர் 10.
அப்புறம் சாய்வு இல்லை.

உருண்டை தனியாகப் போகிறது.
"402 பார்த்தாயா?"
"நீ சொன்னதுதான் நடந்தது, 410."
"ஏய்."
எண்ணூறாம் பக்கம் வரை அந்தப் பென்சில்
இடது ஓரத்தை வெறுமையாக விட்டே எழுதுகிறது.

வரலாற்றுப் பாடத்தில் அந்த மாதத்தை
அரைப் பக்கத்தில் முடித்திருந்தோம்.

யாஸ்னா 402-க்குத் திரும்பினாள்.
கடிதம் அங்கேதான் கிடக்கிறது,
எண்ணெய் விளக்கின் கீழே, பிரிக்காமல்.
வெகு நேரம் படித்தாள். உதடு அசைந்தது.
பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து
(மரத்தில் கோடு போடும் தட்டைப் பென்சில்)
இடது ஓரத்தில் எழுதினாள்:
"பார்த்தேன்."

ஒப்படைக்கும்போது கணக்கில் ஒன்று குறைந்தது.
மான்சில்லா அம்மா இரண்டு தடவை எண்ணினார்.
காற்று கொண்டுபோயிருக்கும் என்றேன்.
இந்த ஊரில் அதை யாரும் மறுக்க முடியாது.

இப்போது எனக்குத் துறைமுகத்தில் வெல்டிங் வேலை.
ஒரு குளிர்காலம் அவள் வீட்டில்,
அடுத்தது என் வீட்டில் என்று
இருந்துகொண்டிருக்கிறது பதினேழு.
பெரும் படைப்பா என்று கேட்டால் தெரியாது.
கையெட்டும் தூரத்தில் கிடந்த கடிதம்,
பிரித்தால் என்ன அவளுக்கு?
முகமூடிக்குள், பொறி பறக்கப் பறக்க
இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.